ஆவுடைத்தாய் ஏறாத வண்டி

குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆவுடையக்கா வீடு எது என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், பழக்கூடைக்காரர்கள், ஜட்கா ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே திசையில் கையை நீட்டுவார்கள். அந்த வீட்டைக் கட்டியவர் அக்காவின் புருஷன், என் அத்தான் செல்லச்சாமி. ஊர் வழக்கப்படி முதலில் அது செல்லச்சாமி வீடாக இருந்தது. அவருக்குப் பிறகு அவருடைய அண்ணன் சங்கிலிப்பாண்டியின் வீடாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அக்கா போன மாதம் காலமாகிவிட்டாள். இனித் தள்ளிப்போடக் காரணம் இல்லை.

அக்காவுக்குப் பிறந்த ஊர் கடையம். எங்கள் அய்யா மாடக்கண்ணு நெல் விவசாயி, நாலு பேர் மதிக்கிற மனிதர், கோபக்காரர். அம்மை சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நல்ல உயரம். அடுக்களையில் நின்று கூப்பிட்டால் களத்துமேட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சாரலில் குடை பிடிக்க மாட்டாள். "மழைன்னா சொல்லு, பிடிக்கேன். இது மழையா?" என்பாள். கல்யாணமாகிக் குற்றாலம் வந்த பிறகு அவளுக்குப் பிடித்தமான பேச்சு அந்த வீட்டைப் பற்றியதுதான். தென்னந்தோப்பை ஒட்டிய ஓட்டு வீடு. முன்பக்கம் இரண்டு அறைகளைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். பின்பக்கம் அடுப்படி. கதவைத் திறந்தால் மலை தெரியும். மேகம் இறங்கிய நாட்களில் மலை இருக்கும் இடம் மட்டும் தெரியும்.

நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்த காலம் அது. விடுமுறை வந்தால் கடையத்துக்குப் போகாமல் தென்காசியில் ரயிலை விட்டிறங்கி நேரே அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். பக்கத்தில் ஒரு துரை பங்களா இருந்தது. துரை சீமைக்குப் போய் வருஷங்களாகிவிட்டன. அங்கே சமையல்காரராக இருந்த தென்காசி ஆதம், பங்களாவைக் கூட்டிப் பெருக்கிக் காவல் காத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஒரு சாக்கு நிறையப் புத்தகங்களைக் கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் இறக்கினார்.

"தம்பி, கரையான் படிச்சது போக மிச்சம் இது. நீ படி. ரெண்டு பேருல யாரு பாசாகுதியன்னு பாப்போம்."

எல்லாம் ஆங்கில நாவல்கள். போன நூற்றாண்டில் மூன்று மூன்று பாகமாகக் கட்டி விற்றவை. சாரல் ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. அட்டைகளைக் கரையான் தின்றிருந்ததால் பெயர்கூடத் தெரியாத புத்தகங்கள் பல. நான் பிரித்துப் பிரித்துப் படித்தேன். அக்கா தேங்காய் துருவும்போதும் கீரை ஆயும்போதும், படித்ததைத் தமிழில் சொன்னேன்.

அவற்றில் ஒன்றைத்தான் அவள் கடைசிவரை மறக்கவில்லை. அந்தக் கதை ஒரு வீட்டில் தொடங்கும். சாலையிலிருந்து வீட்டுக்குப் போகும் பாதை, இருபுறமும் மரங்கள், புகைபோக்கிகள், மேற்கே பார்த்த ஜன்னல்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும்.

"ஏலே, ஆளு எப்ப வருவான்?" என்றாள் அக்கா.

"வருவாங்க. முதல்ல வீடுதான்."

"வீடு வந்து எம்புட்டு நேரமாச்சி! பெருக்கிக் கோலம் போட்டிருக்கலாம்."

அந்த நாட்டில் வீட்டுக்கு மனிதர்களைப் போலப் பெயர் உண்டு என்று சொன்னேன். யார் பிறந்தாலும் யார் செத்தாலும் வீட்டின் பெயர் மாறாது. அந்த வீட்டுக்காரர் என்றுதான் மனிதனைச் சொல்வார்கள் என்றேன். அக்கா துருவுவதை நிறுத்தினாள்.

"அப்ப அங்கன வீடு ஆளைக் குடிவச்சிருக்கு. இங்கன ஆளு வீட்டை வச்சிருக்கான்."

கல்லூரியில் அந்த நாவல்களைப் பற்றி நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். அவற்றில் வீடு என்பது வெறும் கட்டடம் இல்லை என்றும், மண்ணும் மரமும் சேர்ந்து மனிதனின் குணத்தையே உருவாக்குகின்றன என்றும் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அது சரிதான், இன்றும் என் வகுப்பில் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அக்காவின் கவனம் வேறிடத்தில் இருந்தது. அந்த வீடு அடுத்து யாருக்குப் போகிறது என்பதே அவளுக்கு முக்கியம்.

கதையில் வீட்டுக்காரர் இறந்துபோகிறார். விதவையும் ஒரு மகளும் மிஞ்சுகிறார்கள். சொத்து அவருடைய அண்ணன் மகனுக்குப் போகிறது. அவனும் அவன் மனைவியும் வந்து இறங்குகிறார்கள். மிகவும் மரியாதையாகப் பேசுகிறார்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள் என்கிறார்கள். அந்த மரியாதை தாங்காமல் ஒரு மழைநாளில் விதவை மகளோடு குதிரைவண்டியில் ஏறிப் போய்விடுகிறாள். வளைவில் வண்டி திரும்பும்போது புகைபோக்கிகள் மட்டும் தெரிகின்றன. அத்தோடு முதல் பாகம் முடிகிறது. அதைச் சொல்லி முடித்தபோது எனக்கு அந்த விதவை மேல் இரக்கம் பொங்கியது.

அக்காவுக்கு ஒன்றும் பொங்கவில்லை. "அவ ஏன் வண்டியில ஏறுனா?" என்றாள்.

"வேற என்ன செய்வா? சட்டம் அப்படி."

"சட்டம் இருக்கட்டும். அவனா தூக்கி வண்டியில வச்சான்? இவளால்லா ஏறுனா. ஏறாம அடுப்படியில போயி நின்னிருந்தா அவன் என்ன செஞ்சிருப்பான்?"

"அவ அடுப்படிக்கே போக மாட்டாக்கா. சமையலுக்கு ஆளு இருக்கு."

"அடுப்பு அடுப்புன்னு பத்து தடவ சொன்னியே! எல்லாரும் அதைச் சுத்தியே உக்காந்திருக்காவன்னு."

"அது குளிர் காய."

அக்கா சிரித்த சிரிப்பில் ஆதம் பங்களாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "சோறு வேகாத அடுப்பா! அதான் ஏறிட்டா, பாவம்."

இரண்டாம் பாகம் முழுவதும் அந்த விதவை கடலோரத்தில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து விட்டுவந்த வீட்டை நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அதையும் விடாமல் சொன்னேன். மூன்றாம் பாகம் சாக்கில் இல்லை. ஆதமிடம் கேட்டதற்கு, "அது கரையானுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல" என்றார்.

அத்தான் செல்லச்சாமி 1929 வைகாசியில் விஷக்காய்ச்சலில் இறந்தார். மகள் மாரித்தாய் அப்போது சின்னப் பிள்ளை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அத்தானும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்து எழுதிக்கொள்ளவில்லை. அத்தான் தனி வீடு கட்டினார், தனியாக உலை வைத்தார், அவ்வளவுதான். எங்கள் பக்கம் பெரும்பாலான அண்ணன் தம்பிகள் அப்படித்தான் பிரிந்தார்கள். உலை வேறு என்றால் குடும்பம் வேறு, பத்திரம் வேண்டியதில்லை. ஆனால் உலை மறுபடி ஒன்றாகிவிட்டால் பிரியவே இல்லை என்றாகிவிடும். அப்புறம் தம்பியின் வீடு அண்ணனுக்கு. விதவைக்கும் பெண்பிள்ளைக்கும் சோறும் துணியும்.

இழவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. உறவுக்காரர்கள்தான் சோறு கொண்டுவர வேண்டும். சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி வீடு அதே தெருவில் இருந்ததால் இரண்டு வேளையும் அங்கிருந்தே வந்தது. நல்ல சோறு. ஒரு நாள்கூடத் தவறவில்லை. கருமாதி நெருங்கியபோது அவர் எங்கள் அய்யாவிடம் பேசினார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மாமா, நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாதிய. தம்பி பொண்டாட்டியும் பிள்ளையும் எனக்கு வேத்தாளா? நம்ம உலையில இன்னும் ஒரு படி அரிசி போட்டா முடிஞ்சிச்சி."

அய்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எம் மவ ஒருத்தர் வீட்டுச் சோத்துக்குக் காத்துக் கெடக்கணுமாக்கும்? கருமாதி முடிஞ்ச மறுநா வண்டி கட்டுதேன். கடையத்துல நெல்லுக்கா பஞ்சம்?"

"அதுவுஞ் சரிதான். வருசம் திரும்புத மட்டும் அங்கன இருக்கட்டும். வீட்டைப் பூட்டி வச்சிக்கிடுதேன். சீசன்ல எவனாவது புகுந்துரப்படாதுல்லா." சொல்லிவிட்டு மடியிலிருந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்துக் காட்டினார். தென்காசியில் வாங்கிய புதுப் பூட்டு. அய்யா அதை வாங்கிப் பார்த்து, "நல்ல கனம்" என்று மெச்சினார்.

இருவருமே அன்பாகத்தான் பேசினார்கள். ஒருவர் சொன்னபடி நடந்தால் உலை ஒன்றாகிவிடும். மற்றவர் சொன்னபடி நடந்தால் வீட்டில் பூட்டுத் தொங்கும். சாவி அண்ணாச்சி மடியில் இருக்கும். புருஷனை இழந்த பெண்ணைப் பிறந்த வீட்டார் வந்து அழைத்துப்போவது எங்கள் சொந்தத்தில் மரியாதை. அழைக்காவிட்டால்தான் ஊர் பேசும். ஆகவே வீடு போகப்போகிறது என்று கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அக்கா மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கண் மட்டும் பூட்டின் மேலேயே இருந்தது.

கருமாதி முடிந்தது. மறுநாள் காலையில் வில்வண்டி வாசலில் நின்றது. உள்ளே வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். லேசாகச் சாரல் விழத் தொடங்கியிருந்தது. துணி மூட்டையை அய்யாவே தூக்கி வைத்தார். மாரித்தாய்க்கு வண்டி என்றால் உயிர். யாரும் சொல்லாமலே ஏறி உட்கார்ந்துவிட்டாள். கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை, தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கதவருகே பூட்டோடு நின்றார்.

அக்கா வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள். மழையில் நனையும் மாடுகளைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, எனக்கு ரெண்டாம் பாகம் வேண்டாம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"என்னலே சொல்லுதா இவ?" என்றார் அய்யா. "எந்தப் பாகம்? எவன் பாகம் கேட்டான்?"

எனக்குப் புரிந்தது. ஆனால் அய்யாவிடம் எப்படி விளக்குவது? "அக்கா வரலையாம்" என்று மட்டும் சொன்னேன்.

"கோட்டி பிடிச்சிட்டு! புருசனோட புத்தியும் போயிட்டு!"

அதற்குள் பின்பக்கம் அரிசி களைகிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் ஓட்டு இடுக்குகளிலிருந்து புகை கசிந்தது. ஈர விறகுப் புகை. மேலே ஏறாமல் கூரையிலேயே படிந்து தெருவுக்கு இறங்கியது. நின்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். அண்ணாச்சி சிரித்தார்.

"அடுப்பு மூட்டிட்டாளா? நம்ம வீட்டுலதான் சோறு வடிச்சாச்சே!"

புருஷனின் அண்ணனோடு நேரே பேசுவது எங்களில் வழக்கமில்லை. அக்கா மகளைக் கூப்பிட்டாள். மாரித்தாய் வண்டியிலிருந்து குதித்து உள்ளே ஓடினாள். சொல்லிவிட்டதைச் சுமந்துகொண்டு திரும்ப ஓடிவந்தாள்.

"பெரியப்பாவும் தாத்தாவும் கை நனைச்சிட்டுத்தான் போவணுமாம். அம்மை சொல்லுதா."

கருமாதிக்கு மறுநாள், தம்பி வீட்டில், சொந்தமெல்லாம் பார்த்திருக்க, சாப்பிட மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் தீராத பகை என்று அர்த்தம். அண்ணாச்சி பகைக்காரர் இல்லை. தவிர, கருவாட்டுக் குழம்பின் வாசனை வாசல்வரை வந்துவிட்டது. பூட்டை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போய் இலை முன்னால் உட்கார்ந்தார். அய்யா முனகிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவில் நின்றவர்களையும் அக்கா விடவில்லை. இருந்த அரிசியெல்லாம் அன்று வெந்தது.

அண்ணாச்சி இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டார். கை கழுவச் செம்பில் தண்ணீர் வந்தது. பிறகு மாரித்தாய் தட்டில் வெற்றிலை பாக்கைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டு ஆளுக்கு யாரும் தட்டில் வெற்றிலை வைத்து நீட்டுவதில்லை. அது விருந்தாளிக்கு. கை தட்டுக்குப் போகாமல் நின்றது. அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாரி, ஒங்கம்மை என்னைய விருந்தாளி ஆக்கிட்டாளா?" என்று சிரிக்கப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. அழுது அழுது கம்மிய குரல்தான். ஆனாலும் தெரு முழுக்கக் கேட்டது.

"மாரி, பெரியப்பாகிட்ட சொல்லு. எந்நேரமும் வரலாம். வந்தா எல போடுவோம்."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்துத் தொடையில் துடைத்து, பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். எழுந்து வெளியே போகும்போது பூட்டின் கனத்தில் மடி தொங்கியது. அய்யா துணி மூட்டையை வண்டியிலிருந்து எடுத்து உள்ளே வைத்தார். "ஒரு மூட்டை நெல்லு அனுப்புதேன்" என்றார். அவர் மன்னிப்புக் கேட்கிற முறை அதுதான்.

அந்த ஆடியில் அண்ணாச்சியின் மகன்கள் சும்மா இருக்கவில்லை. சொந்தத்தில் பெரியவர்களைக் கூட்டி, பாகம் பிரியவே இல்லை, வீடு பொது என்றார்கள். பெரியவர்கள் அண்ணாச்சியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "கருமாதிக்கு மறுநா அந்த வீட்டு உலையில வெந்த சோத்தைத் தின்னு வெத்திலை வாங்குனியா?" அவர் மறுத்திருக்கலாம், பசிக்குத் தின்றேன் என்று சொல்லியிருக்கலாம். மகன்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்குனேன்" என்றார் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி. "கொழம்பும் நல்லாருந்திச்சி." அத்தோடு உலை வேறு என்று முடிவாகிக் கூட்டம் கலைந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் அந்த வீட்டுக்கு நல்லநாள் தவறாமல் வந்தார். அக்காவும் தவறாமல் இலை போட்டாள்.

அதன் பிறகு அக்கா அந்த வீட்டை நடத்தியதைக் குற்றாலம் அறியும். சீசனில் முன்னறைகள் காலியாக இருந்ததே இல்லை. குடித்துவிட்டு வந்த ஒரு வக்கீலைப் படுக்கையோடு சாரலில் இறக்கிவிட்டாள். பிரசவத்துக்கு நாள் தள்ளிப்போன ஒரு பெண்ணை வாடகை வாங்காமல் ஐப்பசி வரை வைத்துப் பார்த்தாள். வந்து தங்கிய துரைசானி ஒருத்தி வீட்டுக்கு ஒரு பெயர் வைத்து வாசலில் பலகை மாட்டச் சொன்னாள். நான்தான் மொழிபெயர்த்தேன். "பேரு எதுக்காம்? நான் இருக்கேன்லா" என்றாள் அக்கா. அதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது துரைசானி ஏனோ எழுந்து நின்றாள்.

யுத்தம் தொடங்கிய வருஷம் மெட்ராஸில் ஒரு நூல்நிலையத்தில் ஒரு புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் அதே பாதை, அதே மரங்கள், அதே புகைபோக்கிகள். மூன்றாம் பாகமும் இருந்தது. நின்றபடியே படித்தேன். அடுத்த விடுமுறையில் வந்து அக்காவிடம் முடிவைச் சொன்னேன். பல வருஷங்கள் கழித்து அந்த விதவை பழைய வீட்டைப் பார்க்க வருகிறாள். அண்ணன் மகனின் மனைவி அவளை உள்ளே அழைத்து டீ கொடுக்கிறாள். குடித்துவிட்டு, மரங்களைப் பார்த்தபடியே திரும்பிப் போய்விடுகிறாள்.

அக்கா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். "அவ வீட்டுல அவளுக்கே டீயா" என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்ல டீதானா?" என்று கேட்டாள்.

மாரித்தாய்க்கு மாப்பிள்ளை பார்த்தபோது, வீட்டோடு வந்திருக்கச் சம்மதமானால்தான் பேச்சு என்றாள். பெண்ணுக்கு வீடு கொடுக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று சொந்தத்தில் கேட்டார்கள். "கிளை அம்மை வழியா வருதுல்லா? வீடு மட்டும் வந்தா என்ன, காலு நோவுமா?" என்றாள். எங்களில் பிள்ளைகளுக்குக் கிளை, அதாவது குலப்பிரிவு, தாய்வழிதான். அப்படியே வீட்டோடு ஒரு மாப்பிள்ளை வந்தார்.

போன மாதம் அக்காவின் கருமாதிக்கு மறுநாள் காலையில் மறுபடி அங்கே போனேன். இரவு தென்காசியில் தங்கியிருந்ததால் பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் வந்தேன். இறங்க வேண்டிய இடம் வந்ததும் கண்டக்டர், "ஆவுடையாச்சி வீட்டுக்கு ஆளு இருக்கா, எறங்கு" என்று சத்தம் கொடுத்தான். செத்துப் பதினாறு நாள் கழிந்தவளின் பெயர் என்று அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ. இறங்கி நின்றேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடையை எடுத்தவன் விரிக்காமல் மடக்கிக்கொண்டேன்.

திருப்பத்தில் வீடு தெரிந்தது. ஓட்டு இடுக்குகளிலிருந்து புகை கசிந்து கூரையில் படிந்திருந்தது. வாசலில் வண்டி எதுவும் இல்லை.

மாரித்தாய் அடுப்படியிலிருந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"விறகு ஈரம்" என்றாள். பிறகு, "மாமா, கை நனைச்சிட்டுத்தான் போவணும்" என்றாள்.

இலை போட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டேன். செம்பில் தண்ணீர் வந்தது. தட்டில் வெற்றிலை வந்தது. எடுத்துக்கொண்டேன்.